பழைய ரேடியோ வால்வில் புதிய கிட்டார் ஆம்ப்ளிஃபையர்: சுற்று இயங்குவது எப்படி? கட்டும் முன் அறிய வேண்டியவை என்ன?

வடகரப்பதி (பாலக்காடு): பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய வால்வு ரேடியோ ஒன்றைக் கொண்டு, எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையரைக் கையாலேயே கட்டிவிட முடியும். இரண்டு வால்வுகள், ஒரு டசனுக்குச் சற்று அதிகமான மின்தடைகளும் மின்தேக்கிகளும், இரண்டு மின்மாற்றிகள், ஓர் ஒலிபெருக்கி ஆகியவை போதும். சுற்றுப்படம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எனினும், அந்தப் பக்கத்தில் ஓடுவது 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம். கைப்பேசி சார்ஜரைப் பழுது பார்த்த அனுபவத்தோடு இதில் கை வைப்பவர் உயிரையே இழக்க நேரிடலாம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் எல்லைப்புற ஊராட்சி வடகரப்பதி. வேலந்தாவளம் எல்லையைக் கடந்தால் கோவை மாவட்டம். வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்ட விரும்புவோருக்கு இந்த இருப்பிடம் ஒரு வகையில் நல்வாய்ப்பு. இதில் கிடைப்பதற்கு அரிய பொருள் வால்வு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அரிதானது, முறையாகச் சுற்றப்பட்ட மின்மாற்றி. பம்ப்செட், மோட்டார் தொழிலில் பெயர் பெற்ற கோவையில் செம்புக் கம்பிக்கும், காயில் கட்டும் கைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால், அந்தக் கைகளிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வால்வு இன்னும் ஏன்?

வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்தும் இருமுனை வால்வை 1904ஆம் ஆண்டு ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் உருவாக்கினார். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வானொலி, தொலைபேசி, திரைப்பட ஒலி ஆகிய அனைத்தும் அந்த வலையிலிருந்து பிறந்தவையே. 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வால்வு வீடுகளை விட்டு வெளியேறியது.

இந்தியாவும் இந்தக் கதையில் பங்கு பெற்றது. 1954இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்), 1961இல் வானொலிப் பெட்டிகளுக்கான வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே ஜெர்மேனியம் குறைகடத்திகளையும் தயாரித்தது. வால்வும் அதை ஒழிக்க வந்த பொருளும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்தில் பிறந்தன என்பது சுவையான செய்தி. அன்று தயாரான பெல் முத்திரை வால்வுகளைப் பழைய இருப்பிலிருந்து தேடி வாங்குவோர் இன்று வெளிநாடுகளிலும் உள்ளனர்.

வானொலியை விட்டு வெளியேறிய வால்வு, கிட்டார் கலைஞர்களை மட்டும் விட்டு அகலவில்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1950களில் வடிவமைத்த சுற்றுகள் இன்றும் ஏறக்குறைய அப்படியே கட்டப்படுகின்றன. அவருடைய 'பாஸ்மேன்' சுற்றை அடிப்படையாகக் கொண்டே 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் உருவானது. ஃபெண்டரின் மிகச் சிறிய 'சாம்ப்' 5 வாட் அளவே தருவது. கையால் கட்டுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வது அதன் சுற்றைத்தான்.

'வால்வு ஒலி இதமானது' என்று சொல்லப்படுவதில் மிகையும் உண்டு. தூய்மையான ஒலியை மட்டும் கருதினால், நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரே அளவீட்டில் வெல்லும். வேறுபாடு தெரிவது, ஆம்ப்ளிஃபையரை அதன் திறனுக்கு மேல் உழைக்க வைக்கும்போது. கிட்டார் கலைஞர் விரும்புவதும் அந்த எல்லையைத்தான்.

வால்வுக்குள் நடப்பது என்ன?

வால்வின் நடுவே கேத்தோடு என்ற உலோகக் குழல் இருக்கிறது. அதனுள் உள்ள இழை 6.3 வோல்ட்டில் சூடாகும்போது கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. அதைச் சுற்றி வெளியே நிற்கும் ஆனோடு என்ற தகட்டுக்கு உயர் நேர்மின்னழுத்தம் தரப்பட்டால் எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய கம்பிச் சுருளே கிரிட். கேத்தோடைவிட கிரிட் சற்று எதிர்மின்னழுத்தத்தில் இருந்தால் பாய்ச்சல் குறையும். எதிர்மின்னழுத்தம் தணிந்தால் பாய்ச்சல் கூடும். வாய்க்கால் மடையை விரலளவு தூக்கி இறக்கினால் வயலுக்குப் போகும் நீர் முழுவதும் மாறுவது போன்றதே இது. மடையைத் தூக்கும் கை, கிட்டாரின் கம்பி.

கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது ஏறத்தாழ 0.1 வோல்ட் அளவுள்ள குறிப்பலை. அது முதலில் செல்லுமிடம் இசிசி83 என்ற வால்வு. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனை வால்வுகள் இதில் உள்ளன.

ஒரு பாதியை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்வழங்கல் 250 வோல்ட். ஆனோடுக்கு மேலே 100 கிலோ ஓம் மின்தடை. கேத்தோடுக்குக் கீழே 1.5 கிலோ ஓம் மின்தடை. இந்நிலையில் சுமார் 0.86 மில்லி ஆம்பியர் ஓடும். ஓமின் விதிப்படி மேல் மின்தடையில் 86 வோல்ட் இறங்க, ஆனோடில் சுமார் 164 வோல்ட் எஞ்சும். கீழ் மின்தடையில் 1.3 வோல்ட் தோன்றும். கிரிட்டைத் தரையோடு ஒரு மெகா ஓம் மின்தடையால் இணைத்துவிட்டால், கேத்தோடு 1.3 வோல்ட் உயரத்தில் நிற்பதால் கிரிட் தானாகவே 1.3 வோல்ட் எதிர்மின்னழுத்தம் பெற்றதாகிறது. இதற்கெனத் தனி பேட்டரியோ மின்வழங்கலோ தேவையில்லை. ஒரே ஒரு மின்தடை வால்வைத் தானே சமன் செய்துகொள்ள வைக்கும் இந்த ஏற்பாடு, மின்னணுவியலில் மிக எளிய, மிக அழகிய யுக்திகளுள் ஒன்று.

இந்த நிலை 50 மடங்குக்குச் சற்று அதிகமாகப் பெருக்கும். அதாவது 0.1 வோல்ட் 5 வோல்ட்டாகிறது. அந்த அலை ஆனோடில் 164 வோல்ட் நேர்மின்னழுத்தத்தின் மேல் ஏறி நிற்கிறது. அலையை மட்டும் அடுத்த நிலைக்கு விட்டு நேர்மின்னழுத்தத்தைத் தடுப்பது, கடைகளில் கண்டன்சர் எனப்படும் மின்தேக்கி. 0.022 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் அடுத்துள்ள ஒரு மெகா ஓம் மின்தடையும் சேர்ந்து சுமார் 7 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கடக்க விடும். கிட்டாரின் தடித்த கம்பியின் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். மின்தேக்கியை 0.0022 ஆகக் குறைத்தால் எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு உயரும். கீழ்ச்சுரங்களின் கனம் குறைந்து ஒலி இறுக்கமாகும். சில ரூபாய் பொருளை மாற்றி ஆம்ப்ளிஃபையரின் குணத்தையே மாற்றலாம் என்பதுதான் கையால் கட்டுவோரை இதில் கட்டிப்போடுகிறது.

ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் திருகு இதற்கு அடுத்து வருகிறது. பின்னர் இசிசி83இன் மறுபாதி, அதைத் தொடர்ந்து இஎல்84 என்ற ஐம்முனை ஆற்றல் வால்வு.

கரகரப்பின் கணக்கு

இஎல்84, 250 வோல்ட்டில் சுமார் 48 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு 5.7 வாட் வரை வெளியிடக்கூடியது. அதன் கிரிட் நிலைகொள்வது 7.3 வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில். ஆகவே, 7 வோல்ட் உச்சமுள்ள அலை வந்தாலே அது தன் முழுத் திறனை எட்டிவிடும். முதல் நிலையே 5 வோல்ட் தந்துவிட்டது. இரண்டாவது நிலை அதை மேலும் 50 மடங்கு பெருக்கினால்?

அந்த மிகையே கிட்டாரின் கரகரப்பு. அலையின் மேற்புறம் கிரிட்டை கேத்தோடைவிட உயர்த்தும்போது, கிரிட்டே எலெக்ட்ரான்களை ஈர்க்கத் தொடங்கி, முந்தைய நிலைக்குச் சுமையாகிறது; உச்சி மழுங்குகிறது. கீழ்ப்புறத்தில் பாய்ச்சல் முற்றிலும் நின்று அலை வேறு விதமாக வெட்டப்படுகிறது. இரு புறமும் சமமாக வெட்டப்படாததால், மூலச் சுரத்தின் இரட்டை மடங்கு அதிர்வெண்கள் மிகுதியாகச் சேர்கின்றன. இரு மடங்கு என்பது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. காதுக்கு அது பகையாகத் தோன்றாது. மேலும், வால்வு திடீரென்று வெட்டுவதில்லை, படிப்படியாக மழுங்குகிறது. விரலின் அழுத்தத்திற்கேற்பக் கரகரப்பு கூடிக் குறைவது இதனால்தான்.

5 வாட் என்பதைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் தரும் கிட்டார் ஒலிபெருக்கியுடன் இணைத்தால், 5 வாட்டில் 104 டெசிபெல் கிடைக்கும். வீட்டு அறைக்கு அது மிக அதிகம். 50 வாட் ஆம்ப்ளிஃபையர் இதைவிட 10 டெசிபெல் மட்டுமே கூடுதலாகத் தரும்.

கோவையில் கேட்க வேண்டிய கேள்வி

வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் நேரடி உறவு கிடையாது. வால்வு உயர் மின்னழுத்தத்தில் சிறிய மின்னோட்டத்தைத் தருகிறது. ஒலிபெருக்கிக்குத் தேவை அதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் இடையே நிற்பதே வெளியீட்டு மின்மாற்றி. இஎல்84 எதிர்பார்க்கும் சுமை 5,200 ஓம். ஒலிபெருக்கியின் மதிப்பு 8 ஓம். இரண்டின் விகிதம் 650. அதன் வர்க்கமூலம் 25.5. ஆகவே, இரண்டாம் சுற்றில் ஒரு முறுக்கு இருந்தால் முதல் சுற்றில் 25 அல்லது 26 முறுக்குகள் வேண்டும்.

இந்த விகிதத்தை மட்டும் தாளில் எழுதி வைண்டிங் கடையில் கொடுத்தால் மின்மாற்றி வந்துவிடும். ஒலிதான் வராது, வந்தாலும் கீழ்ச்சுரம் மெலிந்து நிற்கும். காரணம் எளிது. சாதாரண மின்மாற்றியில் ஸ்டாம்பிங் எனப்படும் 'ஈ' வடிவ, 'ஐ' வடிவ இரும்புத் தகடுகளை ஒன்று விட்டு ஒன்று திருப்பி அடுக்குவர். இடைவெளி இல்லாததால் காந்தப்புலம் தடையின்றி ஓடும். மின் விநியோகத்துக்கு அதுவே சரி. ஆனால், ஒற்றை ஆற்றல் வால்வு கொண்ட ஆம்ப்ளிஃபையரில், இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் முதல் சுற்று வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அது இரும்பை ஒரு பக்கமாகவே காந்தமாக்கி நிறைவுறச் செய்துவிடும். நிறைவுற்ற இரும்பு இசையைச் சுமக்காது.

இதைத் தவிர்க்க 'ஈ' தகடுகள் முழுவதையும் ஒரு பக்கமாகவும், 'ஐ' தகடுகளை எதிர்ப்பக்கமாகவும் அடுக்கி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதம் வைத்து இடைவெளி விட வேண்டும். 'இதில் டிசி ஓடும், கேப் வைத்துக் கட்ட வேண்டும்' என்ற ஒரு வாக்கியத்தை வைண்டிங் செய்பவரிடம் சொல்வது, பல நாள் மன உளைச்சலைத் தவிர்க்கும். முதல் சுற்றை இரண்டாகப் பிரித்து, நடுவே இரண்டாம் சுற்றை வைப்பது மேல்சுரங்களுக்கு நல்லது. ஆயினும், கிட்டார் ஒலிபெருக்கிகள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடுவதால் இதில் மிகுந்த நுட்பம் தேவையில்லை.

மின்வழங்கல் மின்மாற்றி தொடர்பாக வேறொரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான திட்டப்படங்கள் அமெரிக்காவுக்கானவை. அங்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். முறுக்குகளை மட்டும் இரட்டிப்பாக்கினால் போதாது. அதிர்வெண் குறையும்போது அதே இரும்பில் காந்தப்பாயம் 20 விழுக்காடு உயரும். 60 ஹெர்ட்ஸ் கணக்கில் அளவெடுத்த இரும்பு இங்கே சூடாகி முனகும். இரும்பைப் பெரிதாக்க வேண்டும், அல்லது முறுக்குகளைக் கூட்ட வேண்டும்.

கிராமப்புற மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்குச் சுற்றிய மின்மாற்றிக்கு 250 வோல்ட் வந்தால், 6.3 வோல்ட் இழைக்கு 6.85 வோல்ட் போகும். வால்வு தாங்கும் எல்லைக்கு அது மிக அருகில். இரவு நேரத்தில் மின்னழுத்தம் உயரும் ஊர்களில் முதல் சுற்றில் 250 வோல்ட்டுக்கும் ஒரு முனை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். இழைகளுக்கான மொத்த மின்னோட்டம்: இஎல்84க்கு 0.76, இசிசி83க்கு 0.3, இசெட்80 மின்திருத்தி வால்வுக்கு 0.6 என 1.66 ஆம்பியர். இரண்டரை ஆம்பியர் தரும் சுற்று கேட்பது நலம்.

ரேடியோவில் கிடைப்பதும், கொல்வதும்

மின்மாற்றி கொண்ட பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் இஎல்84, இசெட்80 ஆகியவற்றோடு, அவற்றுக்கு ஏற்ற இரண்டு மின்மாற்றிகளும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். பற்றாக்குறை இசிசி83 மட்டுமே. உலோகச் சட்டமான சேசிஸில் துளைகள்கூடத் தயாராக இருக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் அலைவதைவிட இது எளிது. ஓர் ஆதங்கம் மட்டும் உண்டு. இன்னும் பாடக்கூடிய ரேடியோவைச் சிதைக்க வேண்டாம். ஏற்கெனவே உடைந்த பெட்டியைத் தேடுவதே நியாயம்.

ஆனால், எல்லா ரேடியோவும் இதற்கு உரியதல்ல. கொல்கத்தா போன்ற சில நகரங்களில் முன்பு நேர்மின்சாரம் விநியோகிக்கப்பட்டது. இரு வகை மின்சாரத்திலும் இயங்குவதற்காக மின்மாற்றியே இல்லாத 'ஏசி/டிசி' ரேடியோக்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றின் சேசிஸ், வீட்டு மின்கம்பி ஒன்றோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட். மரப்பெட்டிக்குள் இருந்தவரை அது யாரையும் தொடவில்லை. அதோடு கிட்டாரை இணைத்தால், கிட்டாரின் கம்பியில் விரல் வைத்திருப்பவரை மின்சாரம் தாக்கும்.

அடையாளம் காண்பது எளிது. வால்வுகளின் பெயர் 'யு' என்று தொடங்கினால், அதாவது யுஎல்84, யுஒய்85, யுசிஎச்81 என்றிருந்தால், அந்தப் பெட்டியைக் கிட்டாருக்குப் பயன்படுத்தவே கூடாது. 'இ' என்று தொடங்குபவை 6.3 வோல்ட் வகை. வால்வுப் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாமல், உள்ளே மின்மாற்றி இருப்பதையும், சேசிஸுக்கும் பிளக் முனைகளுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதையும் மல்டிமீட்டரால் உறுதி செய்ய வேண்டும்.

பழைய மின்தேக்கிகள் அனைத்தையும் தயங்காமல் கழற்றி எறியலாம். மெழுகுக் காகித மின்தேக்கிகள் காலப்போக்கில் மின்னோட்டத்தைக் கசியவிடும். இஎல்84இன் கிரிட்டுக்கு முன்னால் உள்ள மின்தேக்கி கசிந்தால், எதிர்மின்னழுத்தம் அழிந்து, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, ஆனோடு தகடு சிவந்து ஒளிரும். சில நிமிடங்களில் வால்வும், அதோடு வெளியீட்டு மின்மாற்றியும் போய்விடும். மின்வடிகட்டும் பெரிய மின்தேக்கிகளை மாற்றும்போது இன்னொரு கட்டுப்பாடு உள்ளது. இசெட்80க்கு அடுத்து வரும் முதல் மின்தேக்கி 50 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மின்திருத்தி வால்வு அடிபடும்.

பூமி இணைப்பும் முனகலும்

கட்டும் வேலையில் அதிகப் பொறுமை கேட்பது தரை இணைப்பு. மூன்று முனை பிளக் கட்டாயம். அதன் பூமிக் கம்பி சேசிஸில் தனித் திருகாணியில், வேறு எதனோடும் பங்கிடாமல் இறுக்கப்பட வேண்டும். சுற்றின் தரைப் புள்ளிகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடி, அங்கிருந்து ஒரே கம்பி சேசிஸுக்குச் செல்ல வேண்டும். கண்ட இடங்களில் சேசிஸைத் தொட்டால், மின்வடிகட்டியின் துடிப்பு முதல் நிலையில் கலந்து முனகலாகக் கேட்கும்.

முனகலின் சுருதியே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். மின்திருத்தி ஒவ்வோர் அலையிலும் இருமுறை துடிப்பதால் மின்வடிகட்டிக் குறைபாடு 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் பிறக்கும் சுரம் 98 ஹெர்ட்ஸ். அதற்கு ஏறத்தாழ இணையான ஒலி அது. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில் கேட்டால் இழைக் கம்பிகளைச் சந்தேகிக்கலாம். அவற்றை ஒன்றோடொன்று இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு கொண்டுசென்று, இரு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் மின்தடை வழியாகத் தரையில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒலித் திருகைக் குறைத்தால் முனகல் மறைந்தால், குற்றம் திருகுக்கு முன்னால் இருக்கிறது, மறையாவிட்டால் பின்னால்.

முதன்முறை மின்சாரம் தரும்போது

வீட்டில் கசிவு மின் பாதுகாப்புக் கருவியான ஆர்சிசிபி இருப்பதால் அச்சமில்லை என்று கருதுவது ஆபத்தான தவறு. வீட்டுக்கு வரும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் அக்கருவி துண்டிக்கும். மின்மாற்றியின் இரண்டாம் சுற்றிலிருந்து வரும் 250 வோல்ட்டில் ஒருவர் கை வைத்தால், மின்னோட்டம் அவர் வழியே அதே மின்மாற்றிக்குத் திரும்பிவிடும். வீட்டுப் பக்கத்தில் வேறுபாடே தோன்றாது. கருவி அசையாமல் இருக்கும்.

இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆபத்து தொடர்கிறது. 270 வோல்ட்டில் நிறைந்த 47 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 1.7 ஜூல் ஆற்றலைத் தாங்கி நிற்கும். அதற்கு இணையாக 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினால், அது ஏறத்தாழ 10 நொடிகளுக்கு ஒரு முறை மின்னழுத்தத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைத்துக்கொண்டே வரும். ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். ஆனால், அந்த மின்தடையின் பற்று விட்டுப்போயிருக்கலாம். ஆகவே, ஒவ்வொரு முறையும் மீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்த பின்னரே உள்ளே கை விட வேண்டும். அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மின்னோட்டம் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் வழியில்தான் இதயம் இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்க வேண்டாம். மின்பணியில் பயிற்சி இல்லாதோர், பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

முதல் இயக்கத்துக்கு எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு பலகை போதுமானது. 60 வாட் இழை பல்பு ஒன்றை மின்வழியில் தொடராக இணைக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. முதலில் வால்வுகளைச் செருகாமல் இயக்கினால் பல்பு மங்கி அணைய வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது. அடுத்து வால்வுகளைச் செருகலாம். ஒலிபெருக்கி இணைக்கப்பட்டிருப்பது கட்டாயம். சுமையின்றி இயக்கிக் கிட்டாரை மீட்டினால், வெளியீட்டு மின்மாற்றியின் முதல் சுற்றில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, காப்பு பொத்துப்போகும். பாடுபட்டுக் கட்டிய காயில் அத்தோடு முடிந்தது.

இறுதியாக ஓர் அளவீடு. இஎல்84இன் கேத்தோடு மின்தடை 135 ஓம். பல்பை நீக்கி நேரடி மின்சாரத்தில் இயக்கி, சில நிமிடங்கள் சூடான பின் அதன் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் 7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 7.2 வோல்ட் என்றால் 53 மில்லி ஆம்பியர். ஆனோடும் திரை கிரிட்டும் சேர்ந்து எடுக்கும் இயல்பான அளவு. 10 வோல்ட்டைத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு, கிரிட் பக்க மின்தேக்கியைச் சோதிக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வால்வு இயங்கவில்லை, அல்லது ஆனோடுக்கு மின்சாரம் போகவில்லை.

வால்வு கிடைக்குமா?

புதிய வால்வு உற்பத்தி இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா உள்ளிட்ட மிகச் சில நாடுகளிலேயே நடைபெறுகிறது. 2022இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்யா விதித்த ஏற்றுமதித் தடை, உலகெங்கும் கிட்டார் கலைஞர்களைத் திடீர்த் தட்டுப்பாட்டில் தள்ளியது. இசிசி83 வகையும் இஎல்84 வகையும் கிட்டாருக்காகவே இன்னும் தயாரிக்கப்படுவதால் இவை இரண்டும் எளிதில் கிடைக்கின்றன. இசெட்80 போன்ற மின்திருத்தி வால்வுகளின் நிலை வேறு. பழைய இருப்பை நம்பியே காலம் தள்ள வேண்டும். அது கிடைக்காதபோது இரண்டு சிலிக்கான் டையோடுகளைப் பயன்படுத்தலாம். ஆனால், டையோடு சூடாகக் காத்திருக்காது; இயக்கிய கணத்திலேயே உயர் மின்னழுத்தத்தைத் தந்துவிடும். 250 வோல்ட் சுற்றிலிருந்து தொடக்கத்தில் 350 வோல்ட் வரை எழும். ஆகவே, மின்தேக்கிகள் 450 வோல்ட் தாங்குபவையாக இருக்க வேண்டும்; வால்வுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்க இடையே ஒரு மின்தடையும் சேர்க்க வேண்டும்.

பழைய வால்வை வாங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தைக் கவனிக்க வேண்டும். உச்சியில் வெள்ளிக் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு, உள்ளே எஞ்சும் காற்றை உறிஞ்சி வெற்றிடத்தைக் காப்பதற்காக இடப்பட்டது. அது பால் வெண்மையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு எந்த விலைக்கும் வேண்டாம். பூச்சு மின்னினால், ஆம்ப்ளிஃபையரில் செருகி, ஒலியைச் சற்று உயர்த்தி, பென்சிலால் இசிசி83ஐ மெல்லத் தட்டிப் பார்க்கலாம். மெல்லிய தட்டல் மட்டும் கேட்டால் நல்லது. மணி அடித்தாற்போல் நீண்டு ஒலித்தால், உள்ளே கிரிட் தளர்ந்திருக்கிறது. அதை முதல் நிலையில் வைக்காமல், வேறொன்றை அங்கே மாற்ற வேண்டும்.